பத்தாவது நாற்காலி

அந்த ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் யாருக்கு என்ன அவசரம் என்றாலும், முதலில் பதினான்கு பத்திகளைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். எல்லாம் ஃப்ளூ தடுப்பூசி பற்றிய பத்திகள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கும் உண்டு, தொண்டையில் மீன்முள் சிக்கி வந்தவருக்கும் உண்டு. முள் சிக்கியவர்கள் மட்டும் "சம்மதம்" என்று வாயால் சொல்லாமல் தலையை ஆட்டினால் போதும் என்று பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். அதற்குத் தனிப் படிவம்.

பெயின்டருக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது ஏணி சறுக்கி, கணுக்கால் பூசணிக்காயாக வீங்கி, மனைவியின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே ஒரு மேஜை. அதன் பின்னால் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண். மேஜையில் "தடுப்பூசி எடுத்துரைப்பாளர்" என்று பலகை.

"உட்காருங்க ஐயா. பத்தி ஒன்று," என்று தொடங்கினாள்.

"அம்மா, கால் வலி உயிர் போகுது."

"கால் பத்தி இதுல எங்கயும் வராது ஐயா. நடுவுல பேசினா நான் மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் பக்கத்தில் நின்ற மனைவி கண் கொட்டாமல் கேட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. போன குளிர்காலத்தில் ஃப்ளூ வந்து ஐந்து வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தவள் அவள். ஏற்கெனவே மூச்சிரைப்புக்காரி. பெயின்ட் வாசனை பட்டாலே இழுக்கும் என்று பெயின்டர் வேலைச் சட்டையை வாசற்கொடியில் கழற்றிப் போட்டுவிட்டு, பின்பக்கமாகப் போய்க் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். நெஞ்சு டாக்டர் அவளிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: "அடுத்த குளிர் ஆரம்பிக்கறதுக்குள்ள ஊசி போட்டுடுங்கம்மா. இன்னொரு தடவை வந்தா உங்க நெஞ்சு தாங்காது." இருவரும் ஊரிலுள்ள மருந்துக் கடையெல்லாம் ஏறி இறங்கிவிட்டார்கள். இந்த வருடத்து ஊசி மொத்தத்தையும் பெரியாஸ்பத்திரித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று எல்லாக் கடைக்காரரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

அதனால் பதினான்காம் பத்தி முடிந்ததும் மனைவிதான் முந்திக்கொண்டாள். "சம்மதம். எனக்குப் போடுங்க. இவருக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"நீங்க கூட வந்தவங்கம்மா. திட்டம் நோயாளிக்கு மட்டும்தான்."

"நானும் நோயாளிதான். மூச்சிரைப்பு இருக்கு."

"இன்னைக்கு நீங்க அதுக்காக வரலையே. அதுக்காக வர்ற அன்னைக்குக் கண்டிப்பா படிப்பேன்." பெயின்டர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குச் சம்மதமா ஐயா?"

"சம்மதம்."

உடனே அவர் சட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஒட்டுவில்லை ஏறியது. "எனக்கு எடுத்துரைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. ஊசி எங்கே என்று கேட்டார். கால் வலிக்கு உள்ளே ஊசி போடுவார்கள், ஒரே நாளில் இரண்டு ஊசி போடுவதை ஒன்பதாம் பத்தி தடுக்கிறது, கவனித்திருப்பீர்களே என்றாள் எடுத்துரைப்பாளர். அவர் கவனித்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்த ஒட்டுவில்லையைச் சட்டையிலிருந்து உரித்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினாள். "பத்திரமா இருக்கட்டும். காய்ச்சல் வந்தா இதைக் காட்டி விரட்டிடலாம்," என்றாள்.

இரண்டு வாரம் கழித்து அவளுக்கே இழுப்பு வந்தது. பெரிய இழுப்பில்லை, வழக்கமாக வருவதுதான். இருந்தாலும் அவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு புறப்பட்டதைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. "இன்னைக்கு நான் நோயாளி. என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன்," என்றாள்.

எடுத்துரைப்பாளர் வாக்குத் தவறவில்லை. பதினான்கு பத்தியும் படித்தாள். மனைவி மூச்சை இழுத்து இழுத்துச் "சம்மதம்" என்றாள். ஒட்டுவில்லை கிடைத்தது. ஊசி கிடைக்கவில்லை. உடம்பு சரியில்லாத அன்று போடக் கூடாது என்பது ஆறாம் பத்தி.

"அப்ப உடம்பு நல்லா இருக்கற அன்னைக்கு வரட்டுமா?"

"தாராளமா வாங்கம்மா. ஆனா எமர்ஜென்சியாத்தான் வரணும்."

"உடம்பு நல்லா இருக்கறவ எமர்ஜென்சிக்கு எதுக்கும்மா வருவா?"

எடுத்துரைப்பாளர் கொஞ்சம் யோசித்தாள். அவள் கெட்டவள் இல்லை. சொல்லப்போனால் அந்தப் பிரிவிலேயே யோசித்தவள் அவள் ஒருத்திதான். "நல்ல கேள்வி. அந்தப் பெட்டியில எழுதிப் போடுங்க," என்று சுவரோரம் கையைக் காட்டினாள். பெட்டி நிரம்பி, வாயில் காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்கு முழுக்க மனைவி பேசாமலே இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் ஏதோ திட்டம் போடுகிறாள் என்று பெயின்டருக்குத் தெரியும். என்ன திட்டம் என்பது ஒரு வாரம் கழித்துக் காலையில் தெரிந்தது. இடது கட்டைவிரலைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"காய் நறுக்கறப்ப வெட்டிடுச்சு. கிளம்புங்க, எமர்ஜென்சிக்குப் போகலாம்."

"அடுப்படியில காயே இல்லையே?"

"வாங்கினாத்தானே இருக்கும்," என்றாள் அவள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "சின்ன வெட்டுதாங்க. இன்னைக்கு எனக்கு இழுப்பு இல்ல, காய்ச்சல் இல்ல, தும்மல்கூட இல்ல. டெட்டனஸ் ஊசி போன வருஷமே போட்டாச்சு, சீட்டு எடுத்து வெச்சிருக்கேன். ரெண்டு ஊசின்னு அவங்க பேச முடியாது," என்றாள்.

சட்டம் படித்தவர்கள்கூட அவ்வளவு ஓட்டையில்லாமல் யோசித்திருக்க மாட்டார்கள். பெயின்டருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு ஊசிக்காக ஒரு மனுஷி தன் விரலைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று நினைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

எல்லாப் பத்தியையும் அவள் ஜெயித்துவிட்டாள். எடுத்துரைப்பாளரே அசந்துபோய், "உங்களுக்கு இன்னைக்குப் போடலாம்மா," என்றாள். விரலுக்குக் கட்டுப் போட்டு, உள்ளே நாற்காலி வரிசைக்கு அனுப்பினார்கள். தரையோடு திருகி வைத்த பத்து நாற்காலிகள். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி. அதற்குள் சின்னச் சின்னக் குப்பிகள் அடுக்காக நின்றன. பூட்டின் சாவி மேற்பார்வையாளர் கழுத்தில் தொங்கியது. அவர் நாற்காலிகளை ஒருமுறை எண்ணினார்.

"ஒன்பது. இன்னும் ஒருத்தர் வரணும்."

"எதுக்கு சார்?" என்றார் பெயின்டர்.

"ஒரு குப்பியில பத்து டோஸ். பத்து நாற்காலியும் நிறைஞ்சாத்தான் திறப்பேன். ஒம்பது பேருக்குத் திறந்தா ஒரு டோஸ் வீணாகும். ஜனங்களோட மருந்து சார், ஒரு சொட்டு வீணாகலாமா?"

"அந்தப் பத்தாவதா நான் உட்கார்ந்துக்கறேனே."

"நீங்க கூட வந்தவர்."

மணி ஒன்று, இரண்டு என்று ஓடியது. நான்கு மணிக்குக் குளிர்பெட்டிக்கு நேரம் முடிந்துவிடும். பெயின்டர் மனைவியின் காதில் குனிந்தார். "நானும் விரலைக் கீறிக்கிட்டு வந்துடறேன். பையில பட்டித் தகடு இருக்கு, கத்தி மாதிரி கூரா."

"சும்மா இருங்க. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா? ஒரு வீட்டுக்கு ஒரு வெட்டு போதும்," என்று அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "வாசல்ல போய்ப் பாருங்க. யாராவது வருவாங்க."

அவர் வாசலில் போய்க் கால் கடுக்க நின்றார். ஜென்மத்தில் முதல்முறையாக, யாருக்காவது சின்னதாக அடிபடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது ஒரு நொடி சந்தோஷப்பட்டு, அடுத்த நொடி கூனிக் குறுகிப்போனார். ஆம்புலன்ஸ் நிற்காமல் தாண்டிப் போயிற்று. மூன்றே முக்காலுக்குக் காதில் கட்டோடு ஒருவர் வந்தார். அவரைக் கைத்தாங்கலாக, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பதினான்கு பத்தி படித்து முடிவதற்குள் நாற்காலியில் இருந்த ஒருவரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்னொருவர் பொறுத்துப் பார்த்து வீட்டுக்குப் போய்விட்டார். மேற்பார்வையாளர் எண்ணினார். எட்டு. மணி நான்கு.

"நாளைக்கு வாங்க," என்றார் மேற்பார்வையாளர். "புதுசா ஏதாவது அடிபட்டா."

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். "அந்தக் காதுக்காரர் பயந்தே போயிட்டாரு. நீங்க ஏதோ பிள்ளை பிடிக்கறவர் மாதிரி தூக்கிட்டு வந்தீங்க," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பெயின்டரும் சிரித்தார். அலமாரிக் கதவில் மூன்றாவது ஒட்டுவில்லை ஏறியது.

அடுத்த வாரம் ஓர் அழைப்பிதழ் வந்தது. எடுத்துரைப்புத் திட்டம் நூறு விழுக்காட்டை எட்டியதற்கு விழாவாம். ஒரே குடும்பத்தில் மூன்று சம்மதம் கொடுத்த "முழு ஒத்துழைப்புக் குடும்பம்" என்று இவர்களுக்குச் சான்றிதழ் தருகிறார்களாம். "போனா இயக்குநரையே பாத்து ஊசியைக் கேட்டுடலாம்," என்றாள் மனைவி. போனார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. குளிர் தொடங்கிவிட்டதால் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"போன வருடம் நம் பிரிவுக்கு வந்தவர்களில் பாதிப் பேரிடம்கூடத் தடுப்பூசியைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த வருடம் நூற்றுக்கு நூறு! நினைவு தப்பி வந்தவர்களின் காதருகேகூடக் குனிந்து படித்திருக்கிறோம். எத்தனை பேருக்கு ஊசி போட்டீர்கள் என்று பத்திரிகை நண்பர் ஒருவர் கேட்டார். மனசுக்கு வருத்தமாக இருந்தது. ஒரு சாதனையைப் பாராட்டும் இடத்தில் ஊசியை ஏன் இழுக்க வேண்டும்? சொல்வது நம் கடமை. போடுவது சூழ்நிலை. சூழ்நிலைக்கு நாம் பொறுப்பாக முடியுமா? இன்னொன்றையும் பெருமையோடு சொல்வேன். நான்கு மாதமாக நம் குளிர்பெட்டியில் ஒரே ஒரு டோஸ்கூட வீணாகவில்லை. ஏனென்றால் ஒரே ஒரு குப்பியைக்கூட நாம் திறக்கவில்லை!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மேடையில் சான்றிதழை வாங்கும்போது மனைவி, "ஐயா, எனக்கு அந்த ஊசி..." என்று ஆரம்பித்தாள். இயக்குநர் அவள் தோளைத் திருப்பி, "கேமராவைப் பாருங்கம்மா," என்றார். பின்னால் நின்ற யாரோ அடுக்கடுக்காகத் தும்மினார்கள்.

மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் பேச முடியவில்லை. ஐந்தாம் நாள் காலை ஸ்ட்ரெச்சரில் வைத்து அதே வாசல் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பெயின்டர் பின்னாலேயே ஓடினார். எடுத்துரைப்பாளர் எழுந்து ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்துகொண்டு படித்தாள். ஒரு பத்தியையும் விடவில்லை. விட்டால் நூறு விழுக்காடு குறையும். மனைவி முகமூடிக்குள்ளிருந்து தலையை ஆட்டினாள். முள் சிக்கியவர்களின் படிவத்தில் அவளைப் பதிந்துகொண்டார்கள்.

மேற்பார்வையாளர் நாற்காலிகளை எண்ணினார். ஒன்பது பேர். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். "பத்து!" என்றார்.

நான்கு மாதத்தில் முதல்முறையாகக் குளிர்பெட்டி திறந்தது. முதல் குப்பியை எடுத்தார்கள். ஒன்பது பேர் வரிசையாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போட்டுக்கொண்டார்கள். பத்தாவதாக ஸ்ட்ரெச்சரிடம் வந்தவர் வெப்பமானியைப் பார்த்தார், ஆறாம் பத்தியைப் பார்த்தார், ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெயின்டரைக் கண்ணால் கூப்பிட்டாள். அவர் குனிந்தார்.

"பாத்தீங்களா," என்றாள். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "கடைசியில... நான்தான்... பத்தாவது ஆளு."

ஆறாம் நாள் மத்தியானம், ஜன்னலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

இதற்கு மேல் ஆஸ்பத்திரியைக் கேலி பண்ண எனக்கும் மனசில்லை. ஆனால் ஆஸ்பத்திரி விடுவதாயில்லை. பத்தொன்பது நாள் கழித்துப் பெயின்டருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அன்றைக்குத்தான் மறுபடி வேலைக்குக் கிளம்பியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வேலைச் சட்டையைத் துவைத்தபோதும் பழக்கத்தில் வாசற்கொடியில்தான் காயப்போட்டிருந்தார். இனிமேல் அதை உள்ளேயே காயப்போடலாமே என்று நினைத்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் தபால்காரர் வந்தார்.

"தங்கள் மனைவியின் பேரில் திறக்கப்பட்ட குப்பியில் ஒரு டோஸ் வீணானது இத்திட்டத்தின் முதல் இழப்பாகப் பதிவாகியுள்ளது. மேற்படி பயனாளி, தமக்கு ஒதுக்கப்பட்ட டோஸைப் பெற்றுக்கொள்ளாததற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். தவறினால், அவர் இனி இச்சலுகைக்குத் தகுதியற்றவராகக் கருதப்படுவார்."

பெயின்டர் அதை நான்கு தடவை படித்தார். தட்டு, பட்டித் தகடு, உப்புத்தாள் இருந்த வேலைப் பையோடு அப்படியே பஸ் ஏறினார்.

மூன்றரை மணிவரை காத்திருக்க வைத்தாலும், மேற்பார்வையாளர் உள்ளபடியே மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், படிவத்தைத் திருப்பி வைத்தார்.

"ரொம்ப வருத்தம் சார். ஒண்ணும் பெரிய வேலையில்ல. இங்க மூணு கட்டம் இருக்கு. 'முகவரி மாறினார்', 'தாமாக வெளியேறினார்', 'மறுத்தார்'. மூணாவதுல ஒரு டிக் அடிச்சுடுங்க. ஃபைல் முடிஞ்சிடும்."

"அவ மறுக்கலையே சார்."

"தெரியும் சார். சும்மா ஒரு இதுக்குத்தான்."

"நாலு தடவை சம்மதம் சொன்னா," என்றார் பெயின்டர். அவர் சத்தம் போடவில்லை. சுவரிடம் பேசுகிறவர் மாதிரி மெதுவாகத்தான் சொன்னார். "என்கூட வந்தவளா நின்ன அன்னைக்கு அவளே வாய் விட்டுக் கேட்டா. இழுத்துக்கிட்டு வந்து சம்மதம்னா. விரலை வெட்டிக்கிட்டு வந்து சம்மதம்னா. பேச்சு நின்னு போயும் தலையாட்டினா. ஒரு தடவைகூட அவ வேணாம்னு சொன்னதில்ல சார். அவ செத்துட்டாங்கறதுக்காக நான் இப்ப அவளை வேணாம்னு சொல்ல வைக்க மாட்டேன்."

மேற்பார்வையாளர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். இதற்குப் பத்தி இல்லை. கழுத்துச் சாவியைத் திருகிக்கொண்டே நாற்காலி வரிசையைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் எண்ணினார்.

"ஒன்பது. இன்னும் ஒருத்தர் வரணும்."

அப்போதுதான் பெயின்டரும் திரும்பினார். ஒன்பதாவது நாற்காலியில் முழங்கையில் கட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். உள்ளங்கையில் மூச்சிரைப்புக்காரர்கள் வைத்திருக்கும் அந்தச் சின்ன நீல மருந்துக் குழாய். அதை அவர் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று நாற்பது.

பெயின்டர் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போனார். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தார். இடது கட்டைவிரலைக் கைக்குட்டையால் சுற்றியிருந்தார். எடுத்துரைப்பாளரின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"வெட்டிடுச்சும்மா. காய்ச்சல் இல்ல. டெட்டனஸ் ஊசி, ஆணி குத்தினப்ப, ஆறு மாசம் முன்னாடி போட்டாச்சு. நான் யார்கூடவும் வரல. நான்தான் நோயாளி."

எடுத்துரைப்பாளர் கைக்குட்டையைப் பார்த்தாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த பட்டித் தகட்டைப் பார்த்தாள். அதே விரல், அதே இடம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டில் "கட்டைவிரலில் வெட்டு, தற்செயல்" என்று எழுதினாள். பிறகு படித்தாள். அந்தப் பதினான்கு பத்திகளை அவள் அவ்வளவு வேகமாகப் படித்து யாரும் கேட்டதில்லை. மூச்சு விடாமல், ஒரு கண் கடிகாரத்தில் இருக்க, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் படித்தாள்.

"சம்மதமா ஐயா?"

"சம்மதம்மா."

மணி மூன்று ஐம்பத்திரண்டு. அவர் போய்ப் பத்தாவது நாற்காலியில் உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் எண்ணினார். ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். குளிர்பெட்டிக் கதவு திறந்ததும் சில்லென்று ஒரு காற்று வந்து எல்லார் முழங்காலிலும் பட்டது.

பக்கத்தில் இருந்த பெண் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேங்க. இன்னைக்கும் கிடைக்காதுன்னே நினைச்சுட்டேன். நல்ல நேரத்துக்கு வந்தீங்க."

பெயின்டர் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா," என்றார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."